புள்ளலூர்ப் போர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தேன், நோட்டீஸ் வந்திருக்கிறது

கேள்வி: நான் காஞ்சிபுரத்தில் இருக்கும் ஓவியன். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புள்ளலூரில் 1780-இல் நடந்த போரைக் காட்டும் சுவரோவியம் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் பாக் மாளிகையில் இருக்கிறது. ஓட்டல் முதலாளி ஒருவர் கேட்டதால் அதை 14 அடி அகலக் கேன்வாஸில், ஆயில் பெயின்ட்டில், முழுக்கக் கையாலேயே வரைந்து கொடுத்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு போட்டோதான் மாதிரி. நேரிலும் போய் நிறங்களைக் குறித்து வந்தேன். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, பேச்செல்லாம் வாட்ஸ்அப்தான். இப்போது போட்டோவுக்குச் சொந்தம் கொண்டாடும் நிறுவனம் 3 லட்சம் கேட்டு எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அதைச் சாக்காக வைத்து ஓட்டல்காரர் பாக்கி 90,000 ரூபாயைத் தர மறுக்கிறார். ஆனால் என் ஓவியத்தைச் சின்னச் சின்ன பிரின்ட்டுகளாகப் போட்டு வரவேற்பறையில் விற்கிறார். அடுத்து, கல்கி பத்திரிகையில் மணியம் வரைந்த ஒரு குதிரைவீரர் படத்தையும் பெரிதாக வரையச் சொல்கிறார். கல்கிதான் நாட்டுடைமை ஆயிற்றே, வரையலாமா?

பதில்: சுவரோவியத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மாளிகை 1784-இல் திப்பு கட்டியது. ஓவியரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும்தான் பதிப்புரிமை. அந்தச் சுவர் 19-ஆம் நூற்றாண்டில், கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் மறுபடி தீட்டப்பட்டது. அப்போது தீட்டியவர்களின் கணக்கை எடுத்தாலும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தொல்லியல் துறைப் பாதுகாப்பு என்பது வேறு விஷயம். சுவரில் தாளை ஒட்டித் தடம் எடுப்பது, சாரம் கட்டுவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி வேண்டும். நின்று பார்த்துக் குறிப்பெடுத்தது குற்றமில்லை.

சிக்கல் போட்டோவில்தான். பழைய ஓவியத்தை எடுத்த போட்டோவுக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டா? ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் சொன்னது இதற்குப் பொருந்தும். உழைப்பும் செலவும் மட்டும் போதாது, திறமையும் தேர்வும் கொஞ்சமாவது படைப்பும் இருக்க வேண்டும். சுவருக்கு நேரே கேமராவை வைத்து உள்ளது உள்ளபடி எடுத்த படம் என்றால், அதில் புதிதாக எதுவும் இல்லை என்று தாராளமாக வாதாடலாம். அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1999-இலேயே அப்படித் தீர்ப்பளித்தது. நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். மாறாக, பக்கவாட்டுக் கோணம், தூணின் நிழல், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் அந்தப் போட்டோவில் இருந்து, அவை உங்கள் கேன்வாஸிலும் வந்திருந்தால் கதை வேறு. போட்டோவையும் ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பல்லக்கில் காயத்தோடு இருக்கும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியும் வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டியும் சுவருக்குச் சொந்தம், போட்டோக்காரருக்கு இல்லை.

ஆனால் பதில் நோட்டீஸில் வார்த்தைகளை அளந்து போடச் சொல்லுங்கள். 'உள்ளதை அப்படியே நகலெடுத்தால் அதில் பதிப்புரிமை இல்லை' என்று நீங்கள் அடித்துச் சொன்னால், ஓட்டல்காரர் அதே வரியை எடுத்து உங்கள் ஓவியத்துக்கும் பதிப்புரிமை இல்லை என்பார். அதற்கு நீங்கள் என்ன சொல்ல முடியும்? சுவரில் உதிர்ந்த இடங்களை நீங்களாகக் கற்பனை செய்து நிரப்பினீர்களா, 14 அடிக்குள் அடங்க அணிவரிசையை மாற்றினீர்களா, அதில்தான் உங்கள் உரிமை நிற்கிறது. ஸ்கெட்ச்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்படி உரிமை இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. ஓவியர்கள் பலருக்கு இது தெரியாது. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியத்தின் முதல் பதிப்புரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது, ஆனாலும் சட்டம் அதுதான். ஆகவே வாட்ஸ்அப்பைத் துருவுங்கள். 'இந்த ஓட்டல் சுவருக்கு மட்டும்', 'பிரின்ட் போடக் கூடாது' என்கிற மாதிரி ஒரு வரி இருந்து, அவர் 'சரி' என்றிருந்தால் அதையே ஒப்பந்தமாகக் காட்டலாம். இல்லாவிட்டால் பிரின்ட் விற்பனையை நிறுத்துவது கடினம். பெயர் போடச் சொல்லும் உரிமையும், படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் மட்டும் 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். ஆனால் அவற்றுக்கும் ஓவியத்தில் உங்கள் படைப்பு என்று காட்ட ஏதாவது வேண்டும். சிற்பி அமர்நாத் செகல் தம் படைப்பைச் சிதைத்ததற்காக மத்திய அரசு மீதே வழக்குப் போட்டு 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது இந்தப் பிரிவில்தான்.

பாக்கிப் பணத்துக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. வேலை முடிந்தது, சுவரில் மாட்டியாயிற்று, பிரின்ட் போட்டு விற்கவும் செய்கிறார். படத்தில் வில்லங்கம் என்று நிஜமாகவே நம்புகிறவர் அதைச் செய்வாரா? வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், தராவிட்டால் முன்சீஃப் கோர்ட்டில் வசூல் வழக்கு. வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

3 லட்சம் கேட்டவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது போட்டோ யார் எடுத்தது, எப்போது, உரிமை அவர்களுக்கு எப்படி வந்தது என்பதுதான். பலர் இந்தக் கேள்வியிலேயே அமைதியாகிவிடுவார்கள். வழக்கும் போடாமல் மிரட்டல் நோட்டீஸாகவே அனுப்பிக்கொண்டிருந்தால், 60-ஆம் பிரிவின்படி நீங்களே நீதிமன்றம் போய் மீறல் இல்லை என்று அறிவிக்கக் கேட்கலாம். பயந்துபோய் ஒரு பகுதியை மட்டும் கட்டிவிடாதீர்கள், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

மணியம் படத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். நாட்டுடைமை ஆனது கல்கியின் எழுத்து. படங்களின் கணக்கு ஓவியரின் மறைவிலிருந்து தொடங்கும். மணியம் மறைந்தது 1968, அதனால் 2028 முடியும் வரை உரிமை இருக்கிறது. முதலாளிக்கு அவசரம் என்றால், உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வரச் சொல்லுங்கள், அதற்கான செலவும் அவருடையது.