புத்தர் உண்மையில் என்ன நிறம்? ஆரியரா, மங்கோலியரா, கறுப்பரா?

"பொன்னிற மேனி, நீலக் கண் என்று பாளி நூல்களிலேயே இருக்கு. பிறகென்ன, ஆரியர்தான்" என்று அடித்துச் சொல்பவர்களைக் கொழும்பில் தாராளமாகச் சந்திக்கலாம். இருக்கிறதுதான். தீக நிகாயம் என்ற பாளி உபதேசத் தொகுப்பில் மகாபுருஷனுக்குரிய 32 அடையாளங்களில் இவையும் வருகின்றன. அதே பட்டியலில் வாயில் 40 பற்கள் என்றும், குனியாமலே கை முழங்காலைத் தொடும் என்றும் இருக்கிறது. கண்ணை எடுத்துக்கொள்பவர்கள் பல்லையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அதே தொகுப்பிலுள்ள சாமஞ்ஞபல சூத்திரத்தில் மகத மன்னன் அஜாதசத்து இரவில் வைத்தியன் ஜீவகனின் மாந்தோப்புக்குப் போகிறான். பிக்குகள் கூட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் புத்தர் யாரென்று அரசனுக்குத் தெரியவில்லை, ஜீவகனிடம் கேட்கிறான். நடுத்தூணருகே கிழக்கு நோக்கி இருப்பவர் என்று இடத்தைத்தான் ஜீவகன் சொல்கிறான், நிறத்தைச் சொல்லவில்லை. புக்குசாதி என்ற துறவியின் கதையும் அப்படியே. ஒரு குயவனின் கொட்டிலில் புத்தரோடு இரவு தங்குகிறான், எதிரிலேயே இருக்கிறார், ஆனால் உபதேசத்தைக் கேட்ட பிறகுதான் ஆளைப் புரிந்துகொள்கிறான். ஆக, ஊராரிலிருந்து வேறுபட்ட தோற்றம் அவருக்கு இருந்ததாக இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் நினைக்கவில்லை. யேசுவைப் பிடிக்க வந்தவர்களுக்கும் யூதாசின் முத்தம் தேவைப்பட்டதே! (இருட்டும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன்.)

சிலைகளை நம்பி இனம் பார்ப்பதிலும் பயனில்லை. சாஞ்சியின் பழைய சிற்பங்களில் புத்தருக்கு உருவமே இல்லை. பாதச்சுவடும் போதி மரமும் வெற்று ஆசனமுந்தான். மனித உருவம் வந்தது ஏறத்தாழ 500 வருடங்களுக்குப் பிறகு. காந்தாரத்துச் சிற்பி கிரேக்கச் சாயலில் செதுக்கினான், மதுராவில் உள்ளூர்ச் சாயலில் செதுக்கினார்கள். பிற்காலச் சிலைகளின் சுருள் முடியைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் ஆபிரிக்கத் தொடர்பை ஊகித்தார். வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித்தோ மங்கோலிய இனம் என்றார். லும்பினியில் அசோகனின் தூண் புத்தர் பிறந்த இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான்; இனத்தைச் சொல்லவில்லை.

இலங்கையில் இது வெறும் வரலாற்று வாதமல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மொழியியலாளர்களிடமிருந்து வந்த 'ஆரிய' எண்ணத்தை அநகாரிக தர்மபால போன்ற சிங்கள பௌத்தத் தலைவர்கள் இன அடையாளமாக்கினார்கள். வெசாக் பண்டிகைக்கு புத்தர் கதையை வரைந்து வைக்கும் தோரணங்களில் நான் பார்த்த பலவற்றில் சித்தார்த்தர் ரோஸ் நிறம், அவரைச் சோதிக்க வந்த மாரனின் படையோ கறுப்பு. இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. மாறாக, கல்கிசையில் டேவிட் பெயின்டர் என்ற ஓவியர் தேவாலயச் சுவரில் தாடியில்லாத யேசுவை வரைந்தபோது முணுமுணுப்பு எழுந்தது.

எங்கட தமிழ் ஆட்களும் சும்மா இல்லை. புத்தர் திராவிடர் என்று வெள்ளவத்தையில் தேத்தண்ணி ஆறும்வரை வாதாடுவார்கள். ஆதாரம் கேட்டால், ஜோன்ஸ் காட்டிய அதே சுருள் முடியைத்தான் காட்டுகிறார்கள்.