ஆளில்லாத கோயில்கள்

அன்புள்ள ஐயா,

எகிப்தின் மிகப் பழைய புகைப்படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். எதிலும் மணலும் தூணும்தான், மனிதர்களே இல்லை. அந்தக் காலத்து கேமராவில் ஆள் விழமாட்டார்கள் என்கிறார்கள். அவ்வளவுதான் விஷயமா?

இப்படிக்கு
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதிப் பழியை கேமரா மேல் போடலாம். ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனதால் நடந்துபோகிறவர் தடமில்லாமல் போய்விடுவார். ஆனால் அசையாமல் உட்கார்ந்தவர் விழுவார். 1850இல் தெற்கு எகிப்தின் அபு சிம்பல் கோயிலில் மாக்சிம் டு கான் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். மணலில் புதைந்த ராம்சேஸ் மன்னரின் சிலையின் உச்சியில் பொட்டுபோல ஒருவர் உட்கார்ந்திருப்பார். சிலை எவ்வளவு பெரியது என்று காட்ட வேண்டுமே! அதற்காகவே தன் படகில் வேலை செய்த ஹாஜி இஸ்மாயில் என்ற நூபியரை (எகிப்தின் தெற்குப் பகுதி மக்களில் ஒருவர்) போகிற இடமெல்லாம் ஏற்றி நிறுத்தினார் டு கான். லென்ஸின் பித்தளைக் குழாயைக் காட்டி, 'இது பீரங்கி, அசைந்தால் சுட்டுவிடும்' என்று பயமுறுத்தியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம் கூச்சமாக இருந்தது.

1852இல் வந்த அவருடைய தொகுப்பில் 125 படங்கள். அதுவும் பிரெஞ்சு அரசாங்கம் ஒப்படைத்த வேலை. 1839லேயே பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறைக்காகப் பேசிய அரகோ என்ற விஞ்ஞானி, நெப்போலியன் எகிப்தின் மேல் படையெடுத்த 1798இல் இது கையில் இருந்திருந்தால் என்று ஏங்கினார். தீப்ஸ், கர்னாக் போன்ற பழைய எகிப்திய இடங்களின் சுவர்களில் உள்ள சித்திர எழுத்துகளை நகலெடுக்க ஓவியர் படையே தேவைப்படும், இந்தக் கருவி இருந்தால் ஒரே ஆள் போதும் என்பது அவர் வாதம். ஆக, எகிப்து என்றால் அவர்களுக்கு முதலில் சுவர்தான். அந்தச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர் கணக்கிலேயே வரவில்லை.

குடியிருந்தார்களா என்று கேட்பீர்கள். எகிப்தின் எட்ஃபு கோயிலின் கூரைமேல் அப்போது வீடுகள் இருந்தன! 1860களில் ஒகுஸ்த் மரியேத் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் அவற்றை அகற்றி, மண்ணையும் வாரிய பிறகுதான் இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கிற 'பழைய' கோயில் வெளியே வந்தது. அந்த வேலை நடக்காமலிருந்தால் எவ்வளவோ கல்வெட்டுகளைப் படித்திருக்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். லக்ஸர் கோயிலுக்குள் இருக்கும் அபுல் ஹக்காக் மசூதியை மட்டும் அசைக்க முடியவில்லை. சுற்றிலும் தோண்டிவிட்டதால் அதன் பழைய வாசற்கதவு இப்போது தரையிலிருந்து பல அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது.