ஆற்றுத் தண்ணீரை அளக்கிற படிப்பு சோறு போடுமா?

அண்ணாச்சி, பி.எஸ்சி. வேதியியல் முடித்த மகள் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. படிப்பேன் என்று நிற்கிறாள், மரம் நடுவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டீர்கள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

இந்தப் படிப்பில் முக்கால்வாசி வேலை அளப்பதுதான். நம் திருநெல்வேலி கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணியில் தண்ணீர் எடுக்கிறாள் என்று வையுங்கள். பாட்டிலை விளிம்புவரை நிரப்பி, ஒரு குமிழிகூட நிற்காமல் மூட வேண்டும். குமிழியிலுள்ள ஆக்சிஜன் கணக்கைக் கெடுத்துவிடும். ஆய்வகத்தில் 27 டிகிரியில் 3 நாள் இருட்டில் வைத்துவிட்டு, ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். சாக்கடை கூடக் கூட அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பது இதுதான். அவள் கல்லூரியில் செய்த அதே டைட்ரேஷன்தான், ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு கண்டுபிடிப்பதுதான், இங்கேயும் கைகொடுக்கும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. செங்கோட்டை ரயிலில் ஏறினால் இறங்கிவிடலாம், விடுதியைப் பற்றிய கவலை குறையும். ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடி அலையவும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லைச் சந்திப்புப் பகுதி எப்படி மூழ்கியது என்று நாம் கண்ணால் பார்த்தோமே! நயினார்குளத்துக்குத் தண்ணீர் வருகிற வழி, போகிற வழி, ராமையன்பட்டி குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள கிணறுகள் எல்லாம் ஆய்வுக்குரியவை. நம் ஊர்ப் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

சரி, வேலை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். அதை அவள் நம்பி இருக்க வேண்டாம். சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு எம்.எஸ்சி. செல்லும், ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். கையில் நிற்பது தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள், தொழிற்சாலைகளின் கழிவுநீர்ப் பிரிவு, திட்டங்களுக்குச் சூழல் மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள். தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அதனால் முதல் வருடத்திலேயே கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடம் போடக் கற்கச் சொல்லுங்கள், அது இலவசம். அப்புறம், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கும் யுஜிசி நெட் தேர்விலும் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக உண்டு. அதில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையோடு போகலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்குப் போய் வாருங்கள். போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். ஆய்வகத்தில் நிற்கும்போது உங்கள் மகளின் முகத்தையும் பாருங்கள்.