வாசகர் கேள்வி–பதில்: வாள்வீச்சும் டெலிபோனும்

கேள்வி: பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் மாக்ஸ் லிண்டரின் 1922 மௌனக் கேலிப்படம் ‘தி த்ரீ மஸ்ட்-கெட்-தேர்ஸ்’. அதை ரசிக்க, பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் நாவலைப் படித்திருக்க வேண்டுமா?

பதில்: முழுதும் வேண்டாம். 1844-ல் தொடராக வந்த ‘மூன்று மஸ்கடியர்கள்’ நாவலில், அரசியின் வைரங்களை லண்டனிலிருந்து மீட்டுவரும் பகுதி தெரிந்தால் போதும். அதைவிட முக்கியம், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 1921 படத்தில் அரைமணி நேரமாவது பார்ப்பது. லிண்டர் நேரடியாகக் கேலி செய்வது அந்தப் படத்தைத்தான். ஃபேர்பேங்க்ஸின் துள்ளலைப் பார்க்காதவருக்குக் கிண்டலில் பாதி பிடிபடாது.

லிண்டரின் படத்தில், பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் டெலிபோனும் மோட்டார் சைக்கிளும் வரும். அவற்றை யாரும் விசித்திரமாக நினைக்காததுதான் சிரிப்பு. வாள் சண்டையில் காவலர்கள் வட்டமாகச் சூழ்ந்து ஒரே சமயத்தில் குத்துவார்கள், லிண்டர் குனிவார், மற்றவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்வார்கள். நடுவில் படத்தை வெட்டி வேறு ஷாட்டுக்குப் போனால் இந்தக் காட்சி செத்துப்போகும். எல்லோரும் திரையில் ஒரே ஷாட்டுக்குள் தெரிந்தாக வேண்டும்.

கேள்வி: பழைய மௌனப்படங்களில் எல்லோரும் ஓடுவதுபோல் தெரிகிறதே?

பதில்: வேகக் கோளாறு. நொடிக்கு 18 சட்டகமாக (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம்) எடுத்ததை 24-ல் ஓட்டினால் 60 நிமிடப் படம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். பிளேயரில் வேகத்தை 0.75 ஆக வையுங்கள். இசை இழுபட்டால் ஒலியை நிறுத்திவிடலாம். அது பெரும்பாலும் பிற்பாடு சேர்த்ததுதான். நடை இயல்பாகத் தெரிந்தால் வேகம் சரி. சில நகைச்சுவைக் காட்சிகளை வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் தெரியும்படி எடுத்தார்கள், அதைத் திருத்தப் போகாதீர்கள்.