பதினொன்றாம் வகுப்பில் கணக்குக்குப் பதிலாக உடற்கல்வியைப் பாடமாக எடுக்கலாமா? அது சும்மா மார்க் வாங்கும் பாடம்தானா?

மகளுக்காகவோ மகனுக்காகவோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிபிஎஸ்இ பள்ளியாகத்தான் இருக்கும். குரூப் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் ஐந்தாவது பாடத்துக்கான கட்டத்தை நிரப்பாமல் வீட்டில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அது ஒன்பது நாள் ஓடியது.

"சும்மா மார்க் வாங்கும் பாடம்" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. 2017இல் நான் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், ஐந்தாவதாக உடற்கல்வி (பாட எண் 048) என்று எடுத்தபோது உறவினர் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். எல்லாரையும்விட அதிகமாக எதிர்த்தவர் அப்பா. அவர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்.

சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவர்தான். இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அதைச் சொல்லி வளர்த்தவரே, "கணக்க விடாதம்மா, நான் பட்டது போதும்" என்றார்.

என்ன பட்டார் என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இருபத்தைந்து வருடத்தில் அப்பாவைப் பள்ளி நிர்வாகம் அதிகமாகப் பயன்படுத்தியது முடி வெட்டாத பையன்களைப் பிடிக்கவும், தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்தவும், விழா நாளில் பந்தலுக்கு ஆள் சேர்க்கவும்தான். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கணக்குப் பீரியடை இவர் கேட்க முடியாது. குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது பஸ் காசும் சாப்பாடும் பலமுறை அவர் சட்டைப்பையிலிருந்துதான் போயிருக்கிறது. அவர் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் கபடியில் மாநில அளவில் ஆடியிருக்கிறார்கள். ஆண்டு விழா மேடையில் சென்டம் எடுக்க வைத்த ஆசிரியர்களுக்குத்தான் சால்வை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

(அரசுப் பள்ளி ஆசிரியர் மகளைத் தனியார் பள்ளியில் போட்டாரா என்று கேட்கத் தோன்றும். நான் திருச்சியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன், அவர்கள் தெருவிலேயே இருந்த பள்ளி. அவ்வளவுதான்.)

சரி, பாடத்துக்கு வருகிறேன். தியரி 70, செய்முறை 30. மதிப்பெண் எளிதாக வரும் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. எனக்கு 93 வந்தது. ஆனால் எளிதாக வருவதற்குக் காரணம் பாடத்தில் ஒன்றும் இல்லாதது அல்ல. பல பள்ளிகளில் கேள்வி பதிலாக நோட்ஸ் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 19 அணிகள் இருந்தால் நாக் அவுட் முறையில் 18 ஆட்டம், 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போகும் வரிசையில் 19க்கு அடுத்தது 32, அதற்குக் குறைவது 13 என்பதால் 13 அணிகளுக்கு 'பை', அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்று. அதே 19 அணியும் எல்லாரும் எல்லாரோடும் மோதும் லீக் ஆடினால் 171 ஆட்டம். வகுப்பில் இது சூத்திரமாக வந்தது. லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பா சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். பலமான இரண்டு அணி முதல் சுற்றிலேயே மோதாமல் பிரிப்பது எப்படி, இரண்டு மைதானமும் ஒரே நாளும்தான் இருந்தால் எதை விடுவது என்று ராத்திரி பதினொரு மணி வரை. பாடத்தை எடுக்கக் கூடாது என்றவர் அன்றைக்குத்தான் இளகினார்.

குண்டு எறிதலும் அப்படித்தான். இயற்பியலில் 45 டிகிரியில் எறிந்தால் அதிக தூரம் போகும் என்று படித்தோம். குண்டு கையை விட்டுப் போவது தரையிலிருந்து அல்ல, தோளுக்கு மேலிருந்து. அதனால் கோணம் 45க்குக் குறைய வேண்டும் என்று எனக்குப் புரிந்தது மைதானத்தில்தான்.

ஆனால் என்னை மாற்றியது வேறொன்று. அளவீட்டுப் பாடத்தில் ரிக்லி – ஜோன்ஸ் சோதனை என்று ஒன்று உண்டு, முதியவர்களின் உடல்தகுதியைப் பார்ப்பது. ரெக்கார்டு நோட்டுக்காக அதை அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) செய்தேன். அப்போது அவருக்கு 76 வயது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அந்த வயதுப் பெண்களுக்கு 10 முதல் 15 வரை வருவது வழக்கம். அப்பாயிக்கு ஆறுதான் வந்தது. ஏழாவது முறை கை தானாக நாற்காலி விளிம்பைத் தேடியது.

"ராவுல கொல்லப்பக்கம் போறதுக்குப் பயமாத்தாண்டி இருக்கு, அதான் சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல" என்றார். பல மாதமாக இப்படி இருந்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வயசாகிவிட்டது என்று விட்டிருந்தோம். தொடையின் முன்பக்கத் தசை பலமிழந்ததால் வந்த பயம் அது என்று அந்த ஆறு என்ற எண்தான் எனக்குச் சொன்னது.

அரையாண்டு லீவிலிருந்து அம்மா தினமும் காலையில் காபிக்கு முன்னால் அவரைப் பத்து முறை எழுந்து உட்கார வைத்தார். முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். சித்திரையில் மறுபடி எண்ணினேன், ஒன்பது. ஒரே ஒரு பாட்டியை வைத்து நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் சாயங்காலம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார், அது எனக்குப் போதும்.

அதன் பிறகுதான் பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படிக்க முடிவெடுத்தேன். இப்போது பிசியோதெரபிஸ்ட். தினமும் ஐந்தாறு பேரையாவது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேராக: பொறியியல் பக்கம் கொஞ்சமாவது யோசனை இருந்தால் கணக்கை விடாதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கட் ஆஃப் 200இல் கணக்கு மட்டும் 100, மீதி இயற்பியலும் வேதியியலும். உடற்கல்வி மதிப்பெண் அதில் சேராது, பிபிடி சேர்க்கையில் எனக்கும் சேரவில்லை. கணக்கை வைத்துக்கொண்டே உடற்கல்வியும் எடுக்கப் பல பள்ளிகளில் வழி உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். கணக்கு வேண்டாம் என்று பிள்ளை தெளிவாக இருந்தால் தாராளமாக எடுக்கட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளியில் இரண்டு விஷயம் விசாரியுங்கள். வாரத்தில் எத்தனை பீரியட் மைதானத்தில்? பெண் பிள்ளையென்றால், ஓடுவதற்கு டிராக் பேன்ட் அனுமதி உண்டா? நாங்கள் 600 மீட்டர் ஓட்டத்தைத் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு ஓடினோம்.