நாலு மணிப் பசி, பத்து மணி முறுக்கு

கேள்வி: எனக்கு 38 வயது, உயரம் 158 செ.மீ. திருச்சியில் வங்கி வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பேன். 78 கிலோ இருந்தவள், சாப்பாட்டைப் பாதியாக்கி ஐந்து வாரத்தில் 74க்கு வந்தேன். காலையில் இரண்டு இட்லி, சட்னி, ஒரு காபி. மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், இரண்டு ஸ்பூன் பொரியல். இரவு ஒரு சப்பாத்தி, இல்லையென்றால் ஒரு கிண்ணம் பப்பாளி. சாயங்காலம் நாலு மணிக்குப் பசி ஆரம்பித்தால் உயிர் போகிறது. தண்ணீர், கிரீன் டீ எதுவும் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த முறுக்கு டப்பாவைத் திறந்துவிடுகிறேன். இரண்டு வாரமாக எடை அப்படியே நிற்கிறது. சும்மா இருக்கும்போதெல்லாம் சமையல் வீடியோவே பார்க்கிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடு கிடையாதோ? தோழி ஒருத்தி பசி அடக்கும் பவுடர் வாங்கச் சொல்கிறாள். வாங்கலாமா? சர்க்கரை, தைராய்டு எதுவும் இல்லை.

பதில்: முறுக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பகலில் சாப்பிட்டதை மட்டும் கூட்டிப் பார்த்தேன். இட்லி, சட்னி, சர்க்கரை போட்ட காபி எல்லாம் சேர்த்து 270 கலோரி இருக்கலாம். மதியம் 350. இரவு 150 முதல் 200. மொத்தம் 800 கலோரி அளவு. உங்கள் எடைக்கும் உயரத்துக்கும், உட்கார்ந்து பார்க்கும் வேலையோடு, உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 1,700, 1,800 கலோரி. அதாவது பாதிச் சாப்பாட்டில் வண்டி ஓட்டுகிறீர்கள். இந்த நிலையில் பசிக்கவில்லை என்று எழுதியிருந்தால்தான் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அந்தச் சமையல் வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 36 இளைஞர்களைத் தங்க வைத்து ஒரு சோதனை நடத்தினார். தாங்களாகவே முன்வந்தவர்கள், நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள். 24 வாரம் அவர்களுக்குச் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். நாள் போகப் போக அவர்களுக்குப் பேச்சு, நினைப்பு, கனவு எல்லாம் சாப்பாடாகவே ஆனது. அதுவரை அடுப்பு பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள். அவர்கள் சாப்பிட்டதே ஒரு நாளைக்கு 1,600 கலோரி அளவில் இருந்தது. நீங்கள் அதிலும் பாதியில் நிற்கிறீர்கள். வீடியோ பார்ப்பது உங்கள் குணக்கேடு இல்லை, உடம்பு சாப்பாடு கேட்கிறது, அவ்வளவுதான்.

பசியை நடத்துவது பெரும்பாலும் ஹார்மோன்கள். வயிற்றில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டும். கொழுப்புத் திசுவில் இருந்து வரும் லெப்டின், இருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும். எடை குறையும்போது கிரெலின் ஏறும், லெப்டின் இறங்கும். மெல்போர்னில் நடந்து 2011ல் வெளியான ஓர் ஆய்வில், 10 வாரக் கடும் டயட்டில் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துச் சோதித்தார்கள். அப்போதும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. ஆகவே, பசியே தெரியாமல் பத்து கிலோ குறைக்கலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வயிறு லேசாகக் கூப்பிடுவது இருக்கத்தான் செய்யும். அது சாதாரணம். தலை கிறுகிறுத்து, கோபம் வந்து, கண் மண் தெரியாமல் டப்பாவைத் திறக்கிற பசி வேறு. அதை நிச்சயம் குறைக்க முடியும்.

முதலில், தயவுசெய்து கூடச் சாப்பிடுங்கள். எண்ணெயில் பொரித்த முறுக்கு 100 கிராமில் 500 கலோரி அளவு இருக்கும். நாலைந்து முறுக்கு உள்ளே போனால் அந்தக் கணக்கு வந்துவிடும். ஆக ஒரு நாளைக்கு 1,300, 1,400 கலோரி ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள், டப்பா காலியாகிற நாளில் அதைவிடவும் கூட. அதில் மூன்றில் ஒரு பங்கு மாவும் எண்ணெயுமாக நடு இரவில் போகிறது. அதே 1,300ஐப் பகலிலேயே சாப்பாடாகச் சாப்பிட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஏறக்குறைய அரை கிலோ குறையும், அது போதும். இரண்டு வாரமாக எடை நிற்கிறது என்கிறீர்கள். உப்புப் பண்டமும் மாதவிடாய்க்கு முந்தைய நீர்க்கோப்பும் சேர்ந்தால் ஒன்றிரண்டு கிலோ தராசில் மறைந்துகொள்ளும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் குறைக்க வேண்டாம்.

இப்போது தட்டில் என்ன குறை என்று பார்க்கலாம். புரதம். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் அது 20 கிராமைச் சுற்றித்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. எடை குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் இருக்கவும் பசி தாங்கவும் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 55 முதல் 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது, அவர்களுக்கு அளவு வேறு.) மாவுச்சத்தைவிடப் புரதம் வயிற்றை அதிக நேரம் நிறைவாக வைத்திருக்கும். நம் வீடுகளில் டயட் என்றாலே இட்லியின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம், பக்கத்தில் எதையும் கூட்டுவதில்லை. வெறும் இரண்டு இட்லி பதினோரு மணி வரைகூடத் தாங்காது.

இட்லி இரண்டே இருக்கட்டும். கூட இரண்டு அவித்த முட்டை. அதிலேயே 12 கிராம் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர் என்றால் வாரத்தில் நாலு நாள் பாசிப்பயறு தோசை, அடை, கொண்டைக்கடலைச் சுண்டல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற நாள் இட்லிக்குச் சட்னியைக் குறைத்துப் பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பாராகச் சாப்பிடுங்கள். காய்ந்த கடலை, பயறு எதுவானாலும் 50 கிராம் எடுத்து ஊற வைத்தால் ஏறக்குறைய 10 கிராம் புரதம். மீன், கோழி சாப்பிடுகிறவர் என்றால் வேலை இன்னும் சுலபம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு இருக்கிறது. குழம்பு மீனாக இருக்கட்டும், வறுவல் வேண்டாம்.

மதியம் அந்த ஒரு கப் சாதத்தைத் தொடவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இரண்டு ஸ்பூன் பொரியல்தான் பிரச்சினை. அது இரண்டு கரண்டி ஆக வேண்டும், முடிந்தால் சாதத்தைவிடக் கூடுதலாக. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், பூசணி, வாழைத்தண்டு, கீரை எல்லாம் பெரும்பகுதி நீர். வயிற்றை நிரப்பும், கலோரி ஏறாது. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டாக வைத்தால் புரதமும் சேர்ந்துகொள்ளும். தாளிக்கிற எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி. அதை மட்டும் அளந்து ஊற்றுங்கள். கடைசியில் ஒரு கிண்ணம் தயிர்.

தண்ணீர் குடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை என்கிறீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1999ல் ஒரே கோழி-அரிசிப் பதார்த்தத்தை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஒரு முறை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஒரு முறை, அதே தண்ணீரை அதிலேயே ஊற்றி சூப்பாக்கி ஒரு முறை. தண்ணீரைத் தனியாகக் குடித்தவர்கள் அடுத்து வந்த மதியச் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. சூப்பாகக் குடித்தபோது சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். நம் ஊரில் இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொள்ளு ரசமோ, பருப்புத் தண்ணீர் விட்ட தக்காளி ரசமோ, காய் சூப்போ ஒரு கிண்ணம் முதலில் குடித்துவிட்டுச் சாதத்துக்குப் போங்கள். புளித்தண்ணீராக நீர்த்துப்போன ரசம் பசிக்கு உதவாது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். டயட் என்றதும் எல்லோரும் முதலில் வீட்டை விட்டுத் துரத்துவது உருளைக்கிழங்கை. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995ல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாக வயிறு நிறைந்த உணர்வு தருகிறது என்று மதிப்பிட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்றால், அவித்த உருளைக்கிழங்குக்கு 323. பட்டியலில் அதுதான் முதல். குற்றம் கிழங்கில் இல்லை, அதை வறுக்கிற சட்டியில் இருக்கிறது. சாதத்தைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் அவித்த கிழங்கை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும்.

சரி, நாலு மணி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு இரவு எட்டரை வரை இடையில் எதுவும் இல்லை என்றால் யாருக்கும் பசிக்கும். அதோடு, வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தை ஒட்டி கிரெலின் தானாக ஏறும். நாலு மணிக்கு இத்தனை வருடம் டீயும் வடையும் சாப்பிட்ட உடம்பு, நாலு மணிக்குக் கேட்கத்தான் செய்யும். அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்தே ஒரு டப்பா எடுத்துப் போங்கள். ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலையும் மோரும். பசி முற்றிய பிறகு சாப்பிடாதீர்கள், மூன்றே முக்காலுக்கே சாப்பிட்டுவிடுங்கள். முற்றிய பசிக்குச் சுண்டல் கண்ணில் படாது, எதிரே உள்ள பஜ்ஜிக் கடைதான் தெரியும். கொய்யாவோ ஆப்பிளோ கடித்துத் தின்னலாம், ஜூஸாகப் போட்டால் அந்த நிறைவு கிடைக்காது. டைஜஸ்டிவ் பிஸ்கட் வேண்டாம். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள், ஒன்றுக்கு 70 கலோரி. கிரீன் டீ குடிக்கப் பிடித்தால் குடியுங்கள், அது பசியை அடக்கும் மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இரவு பப்பாளியை மட்டும் சாப்பிட்டுப் படுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். அதில் புரதம் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். எட்டு மணிக்குள் இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்புக் கூட்டு, கொஞ்சம் தயிர் என்று முறையாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதுதான் இது. உங்களுக்கென்று தனியாக அடுப்பு மூட்டினால் மூன்றாவது வாரமே அலுத்துவிடும்.

அதன் பிறகும் பத்து மணிக்குக் கை நீண்டால், உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது யாராவது தயிர்சாதம் கொடுத்தால் சாப்பிடுவேனா? ஆம் என்றால் அது பசி. ஒரு டம்ளர் பாலோ ஒரு கிண்ணம் தயிரோ குடித்துவிட்டுப் படுங்கள், குற்ற உணர்ச்சியே தேவையில்லை. முறுக்குதான் வேண்டும் என்று தோன்றினால் அது களைப்பு, சலிப்பு, அல்லது நாள் முழுக்கச் சேர்ந்த ஆபீஸ் எரிச்சல். அப்படி வரும் ஆசை விளக்கை அணைத்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் தினமும் முறுக்கு வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. பத்து மணிக்கு மேல் வீடியோ என்றால் நள்ளிரவு தாண்டுகிறது என்று ஊகிக்கிறேன். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2004ல் வந்தது. நன்றாகத் தூங்கிய இரவுகளோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது, லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் தூக்கம் கெட்ட மறுநாள் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் எப்படி இழுக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தோழி சொன்ன பவுடர் வேண்டாம். இப்படி விற்பவற்றில் சில வெறும் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி, மளிகைக் கடையில் பல மடங்கு மலிவாகக் கிடைக்கும். இன்னும் சில ஆபத்தானவை. மூலிகை என்று எழுதி விற்கும் எடைக்குறைப்புப் பொருட்களில் சிபுட்ரமின் என்ற மருந்தை மறைத்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010ல் மேலைநாடுகளில் நிறுத்தப்பட்டு, 2011ல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்ட மருந்து அது. செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் வேறு ரகம். அவை உண்மையிலேயே பசியைக் குறைக்கும், ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் போடக் கூடாதவை. குமட்டல், மலச்சிக்கல் போன்ற தொந்தரவுகள் உண்டு, நிறுத்தினால் எடை திரும்புவதும் உண்டு. பொதுவாக பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 30க்கு மேல் உள்ளவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் உள்ளவர்களுக்கும்தான் யோசிப்பார்கள். உங்கள் பிஎம்ஐ 29.6, வேறு நோயும் இல்லை. வயிறாரச் சாப்பிட்டே பார்க்காத ஒருவர் முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒன்று. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைக்கிறீர்கள், திடீரென்று பசியோடு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வருகிறது என்றால் அதைப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். சாப்பாடு குறைந்தால் மருந்தின் அளவும் குறைய வேண்டியிருக்கும். அதை டயட் தொடங்குவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.