கல்லூரிக் களத்திலிருந்து தேசிய அணிக்கு: கூடைப்பந்து கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி லீகில் கலக்கியவர்கள், சொந்த நாட்டு அணிக்கு வந்ததும் தடுமாறுகிறார்களே! மூன்று புள்ளிக் கோடு தூரமா?

பதில்: கோட்டின் மேல் பழி போட முடியாது. என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) ஆண்கள் பிரிவு 2019-20 பருவத்திலேயே சர்வதேச அளவான 6.75 மீட்டருக்கு மாறிவிட்டது. பெண்கள் பிரிவு 2021-22இல் மாறியது. சிக்கல் கடிகாரத்தில். ஒரு தாக்குதலுக்குக் கல்லூரியில் 30 விநாடி. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில் 24. நடுக்கோட்டைத் தாண்ட அங்கே 10, இங்கே 8. தாக்கும் அணியே ரீபவுண்ட் (தவறிய ஷாட்டிலிருந்து திரும்பும் பந்து) எடுத்தால் கடிகாரம் அங்கே 20, இங்கே 14. பந்தை நிதானமாக உருட்டி வந்து பழகிய பாயிண்ட் கார்டு (தாக்குதலை நடத்துபவர்), முதல் ஸ்கிரீன் (எதிரணித் தடுப்பாளரைச் சக வீரர் மறித்து நிற்பது) பலிக்காமல் இரண்டாவதைக் கூப்பிடும்போது கடிகாரம் 5இல் நிற்கும். பிறகென்ன, அவசர ஷாட்தான். இதற்கு மருந்து: பயிற்சியில் ஷாட் கிளாக்கை 14இல் வைத்து, ரீபவுண்டிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஒரே ஸ்கிரீன், அதிலிருந்து ஒரு முடிவு. அது கைகூடிய பிறகு 24க்குப் போகலாம்.

அடுத்து, கையில் ஊறிப்போன பழக்கங்கள். ரிம்மில் பட்டுத் துள்ளும் பந்தை, அது வளையத்துக்கு நேர் மேலே இருக்கும்போது கல்லூரியில் தொடக் கூடாது. ஃபிபா ஆட்டத்தில் யாரும் தட்டிவிடலாம். கூடைக்கு அருகே ஆடும் நெட்டையான சென்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது இதனால்தான். மூலையில் இருவர் மடக்கினால் 'டைம் அவுட்' என்று கத்தித் தப்பிப்பதும் இங்கே நடக்காது. கேட்கும் உரிமை பயிற்சியாளர் தரப்புக்கு மட்டும், அதுவும் ஆட்டம் நிற்கும்போதோ எதிரணி கூடை போட்டதும்தான் கிடைக்கும். பந்தோடு விதிமீறிக் காலெடுத்து வைப்பதற்கான 'டிராவலிங்' விசிலும் அடிக்கடி கேட்கும். நின்றபடி பந்தை வாங்கியவர் டிரிபிள் செய்ய (பந்தைத் தரையில் தட்டி நகர) தொடங்கினால், அச்சுக்கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையைவிட்டு எழும் முன் பந்தைக் கையிலிருந்து விட்டிருக்க வேண்டும். முதல் டிரிபிளை உடம்புக்கு முன்னே தள்ளிப் போட்டால் தப்பிக்கலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும்போதே ஒலிம்பிக்கில் ஆட முடியுமா?

பதில்: விதி தடுக்கவில்லை. 1988 வரை அமெரிக்க அணியில் கல்லூரி வீரர்களே நிறைய இருந்தார்கள். 1989இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. வீரர்களுக்குக் கதவு திறந்தது. 1992 பார்சிலோனா அணியின் 12 பேரில் கல்லூரியிலிருந்து வந்தவர் டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் லேட்னர் ஒருவரே. இன்றைய இடைஞ்சல் நாட்காட்டி. தேசிய அணிகளின் தகுதிச் சுற்று நவம்பரிலும் பிப்ரவரியிலும் வந்தால், கல்லூரிப் பருவமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நடைமுறையில் கோடைக்காலம்தான் மிஞ்சுகிறது.

கேள்வி: வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினால் அந்த நாட்டுக்கு ஆடலாமா?

பதில்: 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் என்றால், அணிக்கு ஒருவருக்குத்தான் இடம். 17 வயதுக்குப் பின் ஒரு நாட்டுக்காக ஃபிபாவின் முக்கியப் போட்டியில் இறங்கிவிட்டால், அபூர்வமான விதிவிலக்கு தவிர, மாற முடியாது. ஜூனியர் அணி அழைத்ததும் ஓடிப்போய்ச் சட்டை மாட்டும் முன் யோசியுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு கிளப் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: சம்பளம் வரி போகக் கையில் கிடைப்பதா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எத்தனை நாள் தாமதமானால் நீங்கள் விலகலாம், காயம்பட்டால் பணம் தொடருமா, வீடும் திரும்பும் டிக்கெட்டும் யார் பொறுப்பு என்பவையும் எழுத்தில் வேண்டும். மிக முக்கியம், தகராறு வந்தால் 'பேட்' எனப்படும் கூடைப்பந்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற ஒரு வரி. அது இல்லையென்றால் அந்நாட்டு நீதிமன்றத்தில்தான் அலைய வேண்டும். அது இருந்து, தீர்ப்புக்குப் பின்னும் கிளப் பணம் தராவிட்டால், புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போடலாம். முன்பு ஆடிய நாட்டின் சம்மேளனம் தரும் தடையில்லாக் கடிதத்தையும் மறக்காதீர்கள். அது வராமல் களமிறங்க முடியாது.

கேள்வி: சளி மாத்திரைகூட ஆபத்தா?

பதில்: சூடோஎஃபெட்ரின் கலந்ததாக இருந்தால், ஆம். போட்டி நாளில் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். அட்டையைத் திருப்பிப் படித்து, அணி மருத்துவரிடம் காட்டிவிட்டு விழுங்குங்கள்.